ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லலாமா?



நாள் தள்ளிப் போன பெண்ணைப் பார்த்து முன்பெல்லாம் "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பார்கள். இப்போது "பீட்டா எவ்வளவு வந்தது?" என்று கேட்கிறார்கள். பத்தாவது படித்த பெண்ணும் சரி, பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் சரி, இந்த வார்த்தையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. லேபில் இருந்து ஒரு காகிதம் வருகிறது. அதில் ஒரு எண். பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. அதை வைத்துக்கொண்டு வீடே கூடி உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதி விடுகிறது. "கம்மியா இருக்கு, தங்காது" என்று ஒருவர். "ஜாஸ்தியா இருக்கு, பொட்டப் புள்ளதான்" என்று இன்னொருவர். அந்தப் பெண் என்ன பாடுபடுவாள் என்று யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா?

என் கருத்து இதுதான். இந்தப் பரிசோதனையில் ஒரே ஒரு எண்ணை வைத்து நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. லேப்காரர்கள் இதை நமக்குப் புரிகிற மொழியில் அந்தக் காகிதத்திலேயே அச்சடித்துத் தர வேண்டும். நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் இது என்ன பரிசோதனை என்று பார்ப்போம். கரு உண்டாகி, கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டதும், பிற்பாடு நஞ்சுக்கொடியாக வளரப்போகிற செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. அதன் பெயர் எச்.சி.ஜி. "இங்கே ஒரு உயிர் வந்திருக்கிறது, மாதவிலக்கு வேண்டாம்" என்று தாயின் உடம்புக்குத் தகவல் சொல்கிற ஹார்மோன் அது. அட்டையில் ரெண்டு சொட்டு சிறுநீர் விட்டதும் இரண்டு கோடு தெரிகிறதே, அதுவும் இதே ஹார்மோனைத்தான் காட்டுகிறது. அட்டை "உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும். ரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும். வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்பதில்லை, சாப்பிட்டுவிட்டும் போகலாம்.

அது என்ன "பீட்டா" என்று கேட்கலாம். இந்த ஹார்மோனுக்கு ஆல்பா, பீட்டா என்று இரண்டு துண்டு. ஆல்பா துண்டு தைராய்டு சம்பந்தப்பட்ட டி.எஸ்.எச்., முட்டை வெளிவரச் செய்கிற எல்.எச். போன்ற வேறு ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. அதனால் பழைய நாள் பரிசோதனைகளில் ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாந்து போவதுண்டு. பீட்டா துண்டுதான் இந்த ஹார்மோனுக்கே உரிய அடையாளம். அதை மட்டும் பிரித்து அளக்கிற முறையை 1972-ல் அமெரிக்காவில் ஜூடித் வைடுகைடிஸ் என்ற பெண் மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால், 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அந்த எலியை அறுத்துப் பார்த்துத்தான் கர்ப்பமா இல்லையா என்று சொன்னார்களாம்! எவ்வளவு தூரம் வந்துவிட்டோம். கண்டுபிடித்தது ஒரு பெண். பயன்படுவது பெண்களுக்கு. ஆனால் அதைப் படிக்கத் தெரியாமல் கண் கலங்குவதும் பெண்களே என்பதுதான் வேதனை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். பொதுவாக 5-க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை. 25-க்கு மேலே என்றால் கர்ப்பம் உண்டு. நடுவில் இருந்தால் இப்போதைக்குச் சொல்ல முடியாது, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதுவரை எளிதுதான். இதற்கு மேல்தான் குழப்பம்.

நாலாவது வாரத்தில் 5-லிருந்து 426 வரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்தாவது வாரத்தில் 18-லிருந்து 7,340 வரை. ஆறாவது வாரத்தில் 1,080-லிருந்து 56,500 வரை. ஏழு, எட்டு வாரத்தில் 7,650-லிருந்து 2,29,000 வரை. பல லேப்களில் இப்படி ஒரு பட்டியல்தான் வைத்திருக்கிறார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் முன்பின் இருக்கும். சகோதரிகளே, அந்த ஐந்தாவது வாரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒருத்திக்கு 60, இன்னொருத்திக்கு 6,000. இரண்டு பேருக்குமே நல்லபடியாகக் குழந்தை பிறக்கலாம். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 4,000 வந்தது, நம் வீட்டுப் பெண்ணுக்கு 200-தான் வந்தது என்று ஒப்பிடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

வாரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலும் பெரிய குழப்பம். கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆக, கரு உண்டாவதற்கு முந்தின இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்து விடுகிறது. இது தெரியாமல் நடக்கிற கொடுமையைச் சொல்லட்டுமா? எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கல்யாணமாகி நாலு வாரம் முடிந்த மருமகளின் சீட்டில் "ஆறு வாரம்" என்று எழுதியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு வாரமா?" என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஒரு நர்ஸம்மா காலண்டரை எடுத்து வைத்து, நாளை எண்ணிக் காட்டிய பிறகுதான் வாய் அடங்கியது. ஒரே ஒரு வரி, "வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து" என்று தமிழில் போட்டிருந்தால் அந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தையே வந்திருக்காது அல்லவா?

அடுத்து, எல்லாப் பெண்களுக்கும் 28 நாளில் மாதவிலக்கு வருவதில்லை. என் நாத்தனாருக்கு 35 நாளைக்கு ஒரு முறைதான். அவளுக்கு நாள் தள்ளிப் போனதும் ஒரு லேபில் பரிசோதனை செய்தார்கள். 5 வாரம் 2 நாள் என்று கணக்கு. வந்த எண் 186. காகிதத்தை நீட்டின பையன், "ரொம்பக் கம்மியா இருக்கேக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 35 நாள் சுற்று என்றால் முட்டை வெளிவருவதே சுமார் 21-ம் நாள்தான். 28 நாள் சுற்று உள்ள பெண்ணைவிட ஒரு வாரம் பின்னால். ஆக, காகிதத்தில் ஐந்து வாரம் ஆனாலும் கருவின் வயதுப்படி நாலு வாரக் கணக்குத்தான் வரும். அதற்கு 186 நல்ல எண்! ஐந்து வாரக் கணக்கில் வைத்தாலும்கூட 18-க்கும் 7,340-க்கும் நடுவில்தானே இருக்கிறது? "இரண்டு நாள் கழித்து அதே லேபில் மறுபடி எடுத்து வாங்க" என்றார். 402 வந்தது. இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அந்த இரண்டு நாள் அவள் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். இந்தப் பரிசோதனைக்கு அது பொருந்தவே பொருந்தாது. எங்கள் திருத்தணி மலைக்கு 365 படி என்பது எல்லோருக்கும் தெரியும். நூறாவது படியில் ஒருத்தி நிற்பதைப் போட்டோ பிடித்துக் காட்டி, "இவள் ஏறுகிறாளா, இறங்குகிறாளா?" என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு போட்டோ எடுத்தால்தான் சொல்லலாம். அவள் எப்போது கிளம்பினாள் என்று தெரிந்தால்தான் வேகமா, மெதுவா என்றும் சொல்லலாம். பீட்டாவும் அப்படியே. முதல் எண் ஒரு படி. 48 மணி நேரம் கழித்து எடுக்கிற இரண்டாவது எண்தான் ஏற்றமா, இறக்கமா என்று காட்டும்.

எவ்வளவு ஏற வேண்டும்? "ரெண்டு நாளில் ரெட்டிப்பு ஆகணும், இல்லாட்டி கெட்டுப் போச்சு" என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. நல்ல கர்ப்பத்திலும் மெதுவாக ஏறுவது உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிமுறையில், முதல் எண் 1,500-க்குக் கீழே இருந்தால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம், 1,500-லிருந்து 3,000 வரை என்றால் 40 சதவீதம், 3,000-க்கு மேல் என்றால் 33 சதவீதம் ஏறினாலும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எண் பெரிதாக ஆக ஆக ஏறுகிற வேகம் குறையும். எட்டிலிருந்து பதினொரு வாரத்துக்குள் உச்சிக்குப் போய், அதற்கப்புறம் தானாகவே இறங்கும். மூன்றாம் மாதம் முடிந்த பிறகு "குறைஞ்சு போச்சே" என்று பதறுவதற்கு எதுவும் இல்லை. அது இயற்கை.

இரண்டு முறையும் ஒரே லேபில் பார்க்க வேண்டும் என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேபின் மிஷினும் இன்னொரு லேபின் மிஷினும் ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு எண் காட்டலாம். இது எங்கள் பக்கத்தில் ரொம்ப முக்கியம். மாமியார் வீடு திருத்தணியில் இருக்கும், தாய் வீடு நகரியிலோ புத்தூரிலோ இருக்கும். திங்கட்கிழமை இங்கே எடுப்பார்கள். மனசு கேட்காமல் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். புதன்கிழமை அங்கே ஒரு லேபில் எடுப்பார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் "கம்மி" என்பார், அங்கே ஒருவர் "தக்குவ" என்பார். எல்லை தாண்டிய இரண்டு மிஷினின் கணக்கை ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் விடை எப்படிச் சரியாக வரும்?

கவனிக்க இன்னும் இரண்டு விஷயம். குழந்தைக்காக ஊசி மருந்து போட்டுக்கொள்கிறவர்களுக்கு, முட்டை வெளிவரச் செய்ய இதே எச்.சி.ஜி. ஊசியைத்தான் போடுவது வழக்கம். அந்த மருந்து பத்து, பதினாலு நாள் வரை உடம்பில் இருக்கும். அவசரப்பட்டுப் பரிசோதித்தால் கர்ப்பமே இல்லாமல் "உண்டு" என்று காட்டிவிடும். அதே போல, தலைமுடிக்கு என்று பயோட்டின் மாத்திரை அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மிஷின்களில் எண் தப்பாக வரலாம். என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடமும் லேபிலும் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

இதுவரை பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். இனி, பயப்பட வேண்டிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். எண் ஏறியிருக்கிறது என்பதற்காகவே எல்லாம் சரி என்று இருந்துவிடவும் கூடாது.

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் ஒருத்தி. முதலில் 640. இரண்டு நாள் கழித்து 790. "ஏறியிருக்கு, நல்லதுதான்" என்று லேபில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் கேசரி செய்து சாப்பிட்டார்கள். 640-க்கு 790 என்றால் ஏற்றம் சுமார் 23 சதவீதம்தான். இருக்க வேண்டிய ஏற்றத்தில் பாதிகூட இல்லை. அதைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த இரண்டு நாளில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, லேசாக ரத்தப்போக்கு. "வாயுவா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம் தோள்பட்டையில் வலி, மயக்கம். 108-க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருக்கிறது. ஆபரேஷன் செய்து ஒரு குழாயை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். கடவுள் புண்ணியத்தில் இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை. ஆனால் அன்றைக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால்?

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இப்படிக் குழாயில் கரு தங்குகிறது. எண் குறைவாக இருக்கும்போதே குழாய் வெடிக்கலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஊசியிலேயே கத்தி இல்லாமல் சரிப்படுத்தி விடுகிறார்கள். அப்போதும் நாலாம் நாள், ஏழாம் நாள் என்று பீட்டா பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்கிறார்கள். எனவே நாள் தள்ளிப் போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, தோள் நுனியில் வலி, தலைசுற்றல் என்று எது வந்தாலும், காகிதத்தில் என்ன எண் இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைக் கை வைத்தியத்துக்கு விடவே கூடாது.

இன்னொன்று, நம் பாட்டிமார்கள் "முத்துப்பிள்ளை" என்று சொல்வார்களே, அது. குழந்தையாக உருவாகாமல் திராட்சைக் கொத்து போல வளர்கிற கர்ப்பம். அதில் பீட்டா எக்கச்சக்கமாக ஏறும். "எண் ஜாஸ்தி, ரெட்டைக் குழந்தை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சுத்தம் செய்த பிறகும் பீட்டா முழுக்க இறங்கும் வரை வாராவாரம் பரிசோதிக்கச் சொல்வார்கள். "அதான் கலைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவு செய்து நிறுத்தாதீர்கள். ஒரு சிலருக்கு அந்த மிச்சம் புற்றுநோயாக மாறக்கூடும். எண் இறங்காமல் நிற்பதைப் பார்த்துத்தான் அதை ஆரம்பத்திலேயே பிடிக்கிறார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்திலேயே குணமாகிற நோய் அது.

எண் சொல்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆணா, பெண்ணா என்பதை பீட்டா எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் தெரியாமல் சொல்கிறார், இல்லாவிட்டால் காசுக்குச் சொல்கிறார். எந்த வழியிலும் கருவின் பாலினத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதையே குற்றம் என்று 1994-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ரெட்டைக் குழந்தை என்றால் எண் கூடுதலாக இருக்கலாம்தான். ஆனால் ஸ்கேனில் பார்த்தால்தான் உறுதி. குழந்தைக்குப் புத்தி, நிறம், எடை எதையும் இந்த எண் சொல்லாது. மூன்றாம் மாதத்தில் எடுக்கிற "டபுள் மார்க்கர்" பரிசோதனையிலும் பீட்டா என்ற பெயர் வரும். அது வேறு காரணத்துக்காகப் பார்ப்பது, வேறு கணக்கு. அந்தக் காகிதத்தை எடுத்து இந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஸ்கேன் என்றதும் இன்னொன்று. பீட்டா 1,500, 2,000 தாண்டிய பிறகுதான் உள்வழி ஸ்கேனில் கருவைச் சுற்றிய பை தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு 3,500 ஆனால்தான் தெரியும். சீக்கிரமே ஓடிப் போய் ஸ்கேன் எடுத்து "ஒண்ணும் தெரியலை" என்று அழுவதைவிட, டாக்டர் சொன்ன நாளில் போவது நல்லது. ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால் அப்புறம் இந்த எண்ணுக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகும் "மனத் திருப்திக்கு" என்று வாராவாரம் பீட்டா எடுத்துச் சில நூறு ரூபாய்களைக் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, முன்பு கருக்கலைந்ததும் இல்லை என்றால் பெரும்பாலான பெண்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையே தேவைப்படாது. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்து பதிவு செய்துகொண்டு, உரிய நாளில் ஸ்கேன் பார்த்தால் போதும். அந்தப் பணத்துக்கு வீட்டில் கீரையும் முட்டையும் வாங்கலாம்.

சரி, எண் இறங்கிவிட்டது. கரு தங்கவில்லை. அப்போதாவது அந்தப் பெண்ணை நிம்மதியாக அழ விடுகிறோமா? "பப்பாளி தின்னே", "டூ வீலர்ல போனே", "ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்கிறேன்னு மலை ஏறினே, அதான்" என்று ஆளுக்கு ஒரு குற்றச்சாட்டு. கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை கருக்கலைந்து போகின்றன. ஆரம்பத்தில் கலைகிறவற்றில் சுமார் பாதிக்குக் காரணம், கரு உண்டாகும்போதே குரோமோசோமில் ஏற்படுகிற பிசகு. அது பெண் செய்த தவறு இல்லை. படி ஏறியதால் வந்தது இல்லை. முருகன் சன்னதிக்கு ஏறி வந்ததால் முருகனே கருவை எடுத்துக்கொண்டான் என்று சொல்வது அந்தச் சாமிக்கே அடுக்குமா? எண் இறங்கிப் பூஜ்யத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அவளுக்கு ஓய்வும் ஆறுதலும் கொடுப்போம். முழுக்க இறங்கியதா என்று டாக்டர் பார்க்கச் சொன்னால் பார்ப்போம். நெகட்டிவ் ரத்த வகைப் பெண் என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று மறக்காமல் கேட்போம். இதுதான் வீட்டார் செய்ய வேண்டியது.

"இவ்வளவு விவரம் சொன்னால் பெண்கள் இன்னும் பயந்து விடுவார்கள். டாக்டருக்குத் தெரிந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பயம் வருவது விவரத்தினாலா, விவரம் இல்லாததினாலா? சாயந்திரம் ஏழு மணிக்கு லேபில் காகிதம் கொடுக்கிறார்கள். டாக்டர் மறுநாள் பதினொரு மணிக்குத்தான். அந்த ஒரு ராத்திரி முழுக்க அந்தக் காகிதம் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. செல்போனில் தேடுகிறாள், நூறு பேர் நூறு விதமாகச் சொல்கிறார்கள். அந்த ராத்திரிக்கு நாலு வரி துணை வேண்டாமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பீட்டா ரிப்போர்ட் தருகிற ஒவ்வொரு லேபும் கீழே இப்படி அச்சிட்டுத் தரட்டும்:

1. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. தேதி தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கு இது மாறும்.

2. ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. டாக்டர் சொன்னால் 48 மணி நேரம் கழித்து இதே லேபில் மறுபடி பார்க்கவும்.

3. வயிற்று வலி, ரத்தப்போக்கு, தோள் வலி, மயக்கம் இருந்தால் எண் எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். அவசரத்துக்கு 108.

4. இந்தப் பரிசோதனை ஆண், பெண் என்று சொல்லாது.

இந்த நாலு வரியைத் தமிழில் போடட்டும். எங்கள் பக்கத்தில் தெலுங்கிலும் போடட்டும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியதே தவிர, பல வீடுகளில் பேச்சு இன்றும் தெலுங்குதான். கோயில் போர்டில் இரண்டு மொழியும் போடுகிறோம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் மட்டும் ஏன் இங்கிலீஷ் ஒன்றே?

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி, லேப் எல்லாவற்றையும் முறைப்படுத்த 1997-லேயே சட்டம் வந்தது. 2018-ல் அதற்கு விதிகளும் வந்தன. அறை எப்படி, ஆள் எப்படி என்றெல்லாம் பார்க்கிற அரசு, நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்கம் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அது வரும் வரை, காகிதம் நீட்டுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "கம்மி, ஜாஸ்தி" என்று வாயைத் திறக்காதீர்கள். "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள், போதும்.

கணவன்மார்களுக்கும் ஒன்று. லேபுக்கு வண்டியில் கொண்டு போய் இறக்கிவிட்டால் மட்டும் கடமை முடியவில்லை. டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போங்கள். காதால் கேளுங்கள். வீட்டில் உங்கள் அம்மாவிடம் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மருமகள் சொன்னால் எடுபடாதது மகன் சொன்னால் எடுபடும்.

மாமியார்களே, நாத்தனார்களே! எண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "உனக்கு வலி இருக்காம்மா? சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மிஷினும் வேண்டாம். செய்வார்களா லேப்காரர்கள்? செய்ய வைப்பார்களா அதிகாரிகள்? கேட்டு வாங்குவோமா நாம்?

- ஒரு வாசகி, திருத்தணி.